பச்சை மட்டும் போதாது

ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம்

மதுரையை ஒட்டிய பரவையில் நின்று பார்த்தால் வைகைக்கு அந்தப் பக்கம் நாகமலை நீண்டு கிடப்பது தெரியும். வடக்கே திரும்பினால் சிறுமலை, அழகர்மலை. மனசு சரியில்லை, எங்கேயாவது போய்விட்டு வரலாம் என்று மதுரைக்காரர்கள் கிளம்பினால் பெரும்பாலும் மலைப்பக்கம்தான் கிளம்புகிறார்கள். ஒருநாள் மரநிழலில் உட்கார்ந்து, அருவியில் குளித்துவிட்டுத் திரும்பினால் தலைபாரம் இறங்கிவிட்டது என்கிறார்கள். அது வெறும் நினைப்புதானா, உடம்பில் உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா என்ற கேள்வி பலருக்கும் வந்திருக்கும். அறிவியலுக்கும் வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பழைய பதிவேடுகளை ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் எடுத்துப் பார்த்தார். சில அறைகளின் ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மற்ற அறைகளில் செங்கல் சுவர்தான் தெரிந்தது. வயது, உடல்நிலை முதலியவற்றில் ஒத்துப்போகிற நோயாளிகளை 23 இணைகளாகப் பிரித்து ஒப்பிட்டார். மரம் தெரிந்த அறையில் படுத்திருந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 1984 இல் வெளியான இந்தச் சிறு ஆய்வுக்குப் பிறகு, பசுமைக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பு தனி ஆய்வுத்துறையாகவே வளர்ந்துவிட்டது.

இதைக் கேட்டதும் பலரும் ஒரு முடிவுக்குத் தாவிவிடுவார்கள்: பச்சை மனதை ஆற்றும், ஆகவே காட்டிலேயே வாழ்கிறவர்களுக்கு மனக்கஷ்டம் குறைவாக இருக்கும். உண்மை நேர்மாறாக இருக்கிறது. கனடாவின் மேற்குக் கரையில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் உலகின் மிக அடர்ந்த குளிர்மழைக் காடுகள் நிற்கும் இடங்களில் ஒன்று. அங்கே காலங்காலமாக வாழ்ந்துவரும் பழங்குடிகளின் இளைஞர்களிடையே தற்கொலை மிக அதிகம். வடதுருவப் பகுதியில், பனிவெளியும் கடலும் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த நிலத்தில் வாழும் இனுவிட் மக்களிடையே அது கனடாவின் பொதுச் சராசரியைப் போல 5 முதல் 25 மடங்கு வரை இருப்பதாக அவர்களுடைய தேசிய அமைப்பே 2016 இல் அறிக்கை வெளியிட்டது. காடும் ஆறும் வாசலிலேயே இருக்கின்றன, பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் நிலம் மனதை ஆற்றும் என்ற பேச்சில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. அதைத் தேடுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

சிசாசிபியின் முகாம்

பழங்குடி இளைஞர்களை அவர்களுடைய முன்னோரின் நிலத்துக்கு அழைத்துச் சென்று, மூத்தவர்களோடு வாழவைத்து, மனக்காயத்தை ஆற்றும் முயற்சிகள் கனடாவில் பல இடங்களில் நடக்கின்றன. இவற்றை 'நிலவழி ஆற்றுப்படுத்தல்' என்று அழைக்கலாம். கியூபெக் மாகாணத்தில் ஜேம்ஸ் வளைகுடாவை ஒட்டியுள்ள சிசாசிபி என்ற கிரீ பழங்குடி ஊர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஊரின் பின்கதை தெரிந்தால்தான் முகாமின் பொருள் புரியும். இந்த மக்கள் முன்பு ஃபோர்ட் ஜார்ஜ் என்ற ஆற்றுத்தீவில் இருந்தார்கள். அங்கே கிறிஸ்தவச் சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகள் இருந்தன. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டித்து வளர்த்த பள்ளிகள் அவை. இவற்றைப் போன்ற பள்ளிகளில் கனடா முழுவதும் சுமார் 1,50,000 குழந்தைகள் அடைக்கப்பட்டார்கள். 2008 இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2015 இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே எழுதியது. பள்ளிகளால் பட்ட அடி ஆறுவதற்குள் 1970களில் லா கிராண்ட் ஆற்றில் மாபெரும் நீர்மின் திட்டம் வந்தது. ஆற்றின் போக்கு மாறித் தீவு அரிக்கப்படும் என்பதால் ஊரே கரைக்குப் பெயர்க்கப்பட்டது. 1981 வாக்கில் குடியேற்றம் முடிந்தது. வேட்டைக்காடுகள் நீர்த்தேக்கத்தில் மூழ்கின. நீர்த்தேக்க மீன்களில் பாதரசம் ஏறியது.

2012 இல் இந்த ஊர் தன் நிலவழித் திட்டத்தைத் தொடங்கியது. எடி பாஷ் என்ற மூத்தவரின் அறிவை அடித்தளமாகக் கொண்டு அது வடிவமைக்கப்பட்டது. இளைஞர்கள் காட்டுக்குள் முகாமில் தங்குவார்கள். விறகு வெட்ட வேண்டும், பனிக்கட்டியைத் துளைத்து வலை போட வேண்டும், பொறி வைக்க வேண்டும், பிடித்ததைச் சுத்தம் செய்து சமைக்க வேண்டும். மாலையில் மூத்தவர் பேசுவார்: இந்த ஆறு முன்பு எப்படி ஓடியது, இந்தக் குடும்பம் எந்தப் பக்கம் வேட்டையாடியது, பள்ளியில் அடைக்கப்பட்ட தலைமுறைக்கு என்ன நேர்ந்தது. நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து 'உன் பிரச்சினையைச் சொல்' என்று கேட்கும் முறை இதில் பின்னுக்குப் போய்விடுகிறது. வேலை செய்துகொண்டே பேச்சு வருகிறது, வராவிட்டாலும் பரவாயில்லை. நவோமி ஏடெல்சன் என்ற மானுடவியலாளர் ஹட்சன் வளைகுடாக் கரையில் இன்னொரு கிரீ ஊரில் ஆய்வு செய்து முன்பே எழுதியிருந்தார்: கிரீ மக்களிடம் உடல்நலம் பற்றிக் கேட்டால் அவர்கள் வேட்டையாட முடிவதையும், காட்டு உணவு கிடைப்பதையும், குளிரில் கதகதப்பாக இருப்பதையும் பற்றித்தான் பேசுகிறார்கள். நலத்தை நிலத்திலிருந்து தனியே பிரித்துப் பேச அவர்களால் முடிவதில்லை.

ஒரே மாகாணம், இருவேறு விதி

முகாம் பற்றிய வர்ணனை மனதைத் தொடலாம்; அது மட்டும் சான்றாகிவிடாது. சான்றுக்கு மறுபடி பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போக வேண்டும். மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்டஃபர் லலோண்ட் என்ற இரு உளவியலாளர்கள் 1987 முதல் 1992 வரையிலான இறப்புப் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். அதுவரை எல்லோரும் 'பழங்குடி இளைஞர் தற்கொலை விகிதம்' என்று ஒரே எண்ணாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் அந்த எண்ணை ஊர்வாரியாகப் பிரித்தார்கள். ஏறக்குறைய 200 பழங்குடிச் சமூகங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் அந்த ஐந்தாண்டுகளில் ஓர் இளைஞர் தற்கொலைகூட இல்லை. மிகச் சில ஊர்களிலேயே பெரும்பாலான இறப்புகள் குவிந்திருந்தன. ஆக 'பழங்குடிகளிடம் தற்கொலை அதிகம்' என்ற வாக்கியமே தவறான படத்தைத் தருகிறது. எல்லா ஊர்களும் பழங்குடி ஊர்கள், எல்லாவற்றைச் சுற்றியும் இயற்கை, பெரும்பாலானவற்றில் வறுமை. வேறுபாடு வேறெங்கோ இருந்தது.

எங்கே என்று கண்டுபிடிக்க அவர்கள் ஒவ்வோர் ஊரைப் பற்றியும் ஆறு கேள்விகள் கேட்டார்கள். தன்னாட்சி உண்டா? நிலத்தின் மீதான உரிமைக்கு முறைப்படி வழக்கு, பேச்சுவார்த்தை நடத்துகிறதா? பள்ளி அந்த ஊரின் கையில் இருக்கிறதா? மருத்துவச் சேவை? காவல், தீயணைப்புப் பணிகள்? பண்பாட்டு நிகழ்வுகளுக்கென்று சொந்த இடம்? இவை எல்லாம் ஒரு சமூகம் தன் நேற்றையும் நாளையையும் தன் கையில் வைத்திருப்பதன் அடையாளங்கள். இதற்கு அவர்கள் 'பண்பாட்டுத் தொடர்ச்சி' என்று பெயர் வைத்தார்கள். முடிவு படிப்படியாக இறங்கும் ஒரு வரிசையாக வந்தது. ஆறில் ஒன்றுகூட இல்லாத ஊர்களில் இளைஞர் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 137.5. அடையாளங்கள் கூடக்கூட விகிதம் குறைந்தது. ஆறும் உள்ள ஊர்களில் அது பூச்சியம்.

இந்த எண்களைக் கண்டு மயங்குவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். இப்படி ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம்: மக்கள்தொகை 500, அதில் இளைஞர்கள் 100. ஐந்தாண்டில் ஒரே ஓர் இறப்பு. 100 பேர் ஐந்தாண்டு வாழ்ந்தால் 500 ஆள்-ஆண்டுகள். 500க்கு ஒன்று என்றால் லட்சத்துக்கு 200. ஒரே ஓர் உயிர். எண்ணோ பயங்கரமாக இருக்கிறது. அதே ஊரில் அந்த ஒரு பிள்ளை பிழைத்திருந்தால் விகிதம் பூச்சியம். தனித்தனி ஊர்களின் விகிதத்தை வைத்து எதையும் சொல்லக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். சாண்ட்லரும் லலோண்டும் ஒரே எண்ணிக்கையில் அடையாளங்கள் கொண்ட ஊர்களை ஒன்றாகக் கூட்டி ஒப்பிட்டார்கள். அப்படியும் ஆறும் உள்ள ஊர்கள் கொஞ்சம்தான். அந்தப் பூச்சியத்தை மந்திரம்போல் எடுத்துக்கொள்வது சரியல்ல. நம்பிக்கை தருவது அந்த இறங்குவரிசை. 1993 முதல் 2000 வரையிலான அடுத்த கட்டப் பதிவுகளிலும் அதே போக்கு தெரிந்தது. 2007 இல் வெளியான இன்னோர் ஆய்வில் தாய்மொழியை எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலோர் தங்கள் மொழியில் பேசக்கூடிய ஊர்களில் லட்சத்துக்கு 13. மற்றவற்றில் சுமார் 97.

ழான் வால்ழானிடம் கேட்ட கேள்வி

ஊர் நிர்வாகம் யார் கையில் இருக்கிறது என்பதற்கும் பதினாறு வயதுப் பிள்ளை இரவில் என்ன நினைக்கிறான் என்பதற்கும் என்ன சம்பந்தம்? சாண்ட்லரின் பழைய ஆய்வுகள் இந்த இடைவெளியை நிரப்புகின்றன. அவர் வளரிளம் பருவத்தினரிடம் சித்திரக்கதைகளைக் கொடுத்தார். அவற்றில் ஒன்று விக்டர் ஹ்யூகோவின் ழான் வால்ழான் கதை. சுத்தானந்த பாரதியாரின் மொழிபெயர்ப்பு வழியாகவும், 1950 இல் நாகையா நடித்து வந்த 'ஏழை படும் பாடு' படம் வழியாகவும் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த கதை. ரொட்டி திருடிச் சிறை சென்றவன் பின்னாளில் வேறு பெயரில் ஊரே மதிக்கும் மனிதனாகிறான். கேள்வி இதுதான்: அவ்வளவு மாறிய பிறகும் அவன் அதே ஆள்தான் என்று எதை வைத்துச் சொல்கிறாய்? பிறகு அதே கேள்வியை அந்தப் பிள்ளையைப் பற்றியே கேட்டார்: ஐந்தாண்டுக்கு முன்பிருந்த நீயும் இப்போதைய நீயும் ஒரே ஆள் என்பது எப்படி?

பெரும்பாலான பிள்ளைகள் ஏதோ ஒரு வழியில் பதில் சொல்லிவிட்டார்கள். சிலர் 'உள்ளே இருக்கும் குணம் மாறாது' என்றார்கள்; சிலர் 'இது நடந்ததால் அது நடந்தது' என்று கதையாகக் கோத்தார்கள். பழங்குடிப் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டாவது வழியில், கதையாகவே சொன்னார்கள். தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோரால் எந்தப் பதிலும் சொல்ல முடியவில்லை. நேற்றைய நானும் நாளைய நானும் ஒருவனே என்ற இந்த உணர்வைச் 'சுயத்தொடர்ச்சி' எனலாம். வலி இன்று இருக்கிறது. நாளை அனுபவிக்கப் போகிறவன் நான்தான் என்ற பிடிப்பு அறுந்துவிட்டால், நாளைக்காக இன்றைப் பொறுத்துக்கொள்ளக் காரணம் இல்லாமல் போகிறது. வளரும் வயதில் எல்லோருக்கும் இந்தப் பிடிப்பு சில காலம் ஆடும். அப்போது குடும்பமும் ஊரும் மொழியும் அவனைப் பற்றிய கதையைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தால் அவன் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறுகிறான். ஊரின் கதையே நடுவில் வெட்டப்பட்டிருந்தால் பிடிக்க எதுவும் இல்லை.

கயிற்றைப் பிடிப்பவர்

இங்கேதான் நிலம் உள்ளே வருகிறது. நிலத்தோடு வாழும் மக்களுக்கு அவர்களுடைய கதை ஏட்டில் இல்லை, இடங்களில் இருக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மலைத்தேன் எடுப்பதைப் பார்த்தால் இது விளங்கும். பெருந்தேனீ உயர்ந்த மரங்களில் மட்டுமின்றிச் செங்குத்துப் பாறையின் விளிம்பிலும் கூடு கட்டும். அங்கே தேனெடுப்பவர் மேலிருந்து கொடியாலோ நாராலோ திரித்த ஏணியில் தொங்கியபடி, புகை போட்டு ஈயை விலக்கி, அடையை அறுக்க வேண்டும். மேலே கயிற்றைக் காத்து நிற்பவர் பெரும்பாலும் மனைவியின் சகோதரராக இருக்கும் வழக்கம் தேனெடுக்கும் பழங்குடிகள் பலரிடம் உண்டு. தங்கையைக் கைம்பெண்ணாக்க அவர் துணியமாட்டார் என்பது கணக்கு. ஒரு பையன் இந்த வேலைக்குப் போகும்போது எதைக் கற்கிறான்? எந்தப் பாறை எந்தக் குடும்பத்துக்குரியது, எந்த மரம் பூத்தால் எப்போது தேன் கூடும், எவ்வளவு அடையை விட்டுவைக்க வேண்டும் என்பதெல்லாம் சரி. கூடவே, தன் உயிரை யார் கையில் கொடுக்கலாம் என்பதையும், இன்னொருவர் உயிர் தன் கையில் வரும் நாள் ஒன்று உண்டு என்பதையும் கற்கிறான். நாளைய தன்னைப் பற்றிய சித்திரம் அவனுக்குக் கையில் தொடக்கூடிய பொருளாகவே கிடைக்கிறது. எந்த ஆலோசனை அறையிலும் இதைச் செயற்கையாக உண்டாக்கிவிட முடியாது.

ஆக, முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ஜன்னலுக்கு வெளியே மரம் நிற்பது நரம்புகளைத் தணிக்கும். அது எவருக்கும் பொது. பழங்குடி இளைஞரைக் காப்பது வேறொன்று: அந்த நிலத்தில் தன் மக்கள் முடிவெடுக்கிறார்கள், அந்த அறிவு தனக்குக் கைமாறப் போகிறது என்ற உறுதி. அதிகாரம் இல்லாத பசுமை, அதிலும் ஒருகாலத்தில் தன்னுடையதாக இருந்து பறிக்கப்பட்ட பசுமை, ஆற்றுவதற்குப் பதிலாகக் காயத்தை நாள்தோறும் நினைவூட்டும்.

எழும் மறுப்புகள்

முதல் மறுப்பு அறிவியலாளர்களுடையது. தன்னாட்சி உள்ள ஊரில் தற்கொலை குறைவு என்றால், தன்னாட்சிதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? துக்கம் குறைந்த, ஒற்றுமையான ஊர்களால்தான் வழக்கு நடத்தவும் பள்ளியை ஏற்கவும் முடிந்திருக்கலாமே? நியாயமான கேள்வி. ஊர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பாதிக்கு நில உரிமை கொடுத்து, மீதிக்கு மறுத்துச் சோதிப்பது அறமாகாது. ஆகவே கடைசிச் சொல் கிடைக்கப்போவதில்லை. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று வைத்துக்கொண்டாலும் செய்ய வேண்டிய வேலை மாறாது. முகாம்களைப் பற்றிய ஆய்வுகளுக்கு இன்னொரு பலவீனம் உண்டு: பங்கேற்பவர்கள் சிலரே, ஒப்பிடும் குழு பெரும்பாலும் இல்லை. இரண்டு வார முகாம் தனியாக உயிரைக் காக்கும் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாண்ட்லரின் எண்கள் பேசுவது முகாமைப் பற்றி அல்ல, முகாமுக்குப் பின்னால் ஊர் என்ன அதிகாரத்தோடு நிற்கிறது என்பதைப் பற்றி.

இரண்டாவது மறுப்பு: இது மருத்துவத்தைத் தள்ளிவிட்டுப் பழமைக்குத் திரும்பும் கனவு, காட்டு வாழ்க்கை என்றால் பசி, யானை, கொத்தடிமை. இதற்கு நீலகிரியின் கூடலூர் நல்ல பதில். பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர், இருளர் ஆகியோர் 1980களில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாகத் திரண்டார்கள். 1988 டிசம்பரில் கூடலூர்த் தெருக்களில் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். பறிபோன நிலத்தை மீட்டவர்கள் அதில் என்ன செய்தார்கள் தெரியுமா? தேயிலை நட்டார்கள். நிலம் எங்கள் அனுபோகத்தில் இருக்கிறது என்று காட்ட அதுவே உறுதியான வழியாக இருந்தது. அஸ்வினி என்ற அமைப்பின் மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே செவிலியர்களாகப் பயிற்சி பெற்றார்கள்; அங்கே பரவலாக உள்ள அரிவாளணுச் சோகைக்கு இரத்தப் பரிசோதனையும் மாத்திரையும்தான் தரப்படுகின்றன. வித்யோதயா பள்ளியில் ஆதிவாசிப் பிள்ளைகள் தங்கள் பாட்டும் ஆட்டமும் பாடத்தின் பகுதியாகப் படிக்கிறார்கள். நிலம், மருத்துவம், பள்ளி: சாண்ட்லரின் ஆறு கேள்விகளில் மூன்றைக் கூடலூர் அவர் ஆய்வு வெளிவருவதற்கு முன்பே தானாகக் கண்டுபிடித்துக் கையிலெடுத்திருந்தது. எவரும் தழை உடுத்தித் திரும்பிப் போகவில்லை. கடும் மனச்சோர்வுக்கு மனநல மருத்துவரும் மருந்தும் வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. பிள்ளை அந்த மருத்துவரிடம் போய்ச்சேரும் பாதையை ஊர்தான் போட வேண்டும்.

பழைய அறிவுக்கு இன்றைய உலகில் மதிப்பென்ன என்பாரும் உண்டு. 1972 இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வணிகம் நின்று இருளர்கள் பிழைப்பற்றுப் போனார்கள். 1978 இல் அவர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மறுபடி விடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடிக்கான மருந்து பெரும்பாலும் அந்த நஞ்சிலிருந்துதான் தயாராகிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களுக்கு 2023 இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தாத்தாவுக்குக் கிடைத்த அந்த மரியாதை பேரனுக்குள் என்ன செய்யும் என்பதையும் மனநலக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சமவெளியில் நிற்பவர்கள்

மிகக் கடினமான மறுப்பு பரவையிலிருந்தே வருகிறது. இந்தப் பேரூராட்சிப் பகுதியின் சத்தியமூர்த்தி நகரில் காட்டுநாயக்கர் சமூகத்தினர் வாழ்கிறார்கள். பழங்குடிச் சான்றிதழ் கேட்டு அவர்கள் போராடியதும், பிள்ளைகள் பள்ளிக்குப் போக மறுத்ததும் நாளிதழ்களில் வந்த செய்திகள். இவர்களுக்குப் பக்கத்தில் காடில்லை. காடில்லாத பழங்குடிக்கு நிலவழி ஆற்றுப்படுத்தல் எப்படி? பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிச் சிறுமலைக்கு அழைத்துப் போவதா? அப்படிச் செய்தால் அது நல்ல சுற்றுலாவாக இருக்கும், அவ்வளவே. இதுவரை பார்த்த சான்றுகள் சுட்டும் வழி வேறு. உன் தாத்தா யார், நீ யார் என்பதற்குத் தாலுகா அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் பதில் கிடைக்காத பிள்ளையிடம், ழான் வால்ழான் கேள்வியைக் கேட்டால் அவன் எதைக் கோத்துச் சொல்வான்? கல்வி உதவித்தொகைக்கும் மேற்படிப்புக்கும் தேவைப்படும் அந்தத் தாள், இந்த வெளிச்சத்தில் பார்த்தால், மனநலத் தேவையும்கூட. சமவெளியில் வேலை அங்கிருந்து தொடங்க வேண்டும். அடுத்து, குடியிருக்கும் மண்ணுக்குப் பட்டா. அதற்கும் அடுத்துத்தான் மலை.

மலை என்றால் மதுரை மாவட்டத்துக்கு அது சாப்டூர்ப் பக்கம். அந்த மலைத்தொடரில் பளியர்கள் வாழ்கிறார்கள். அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1960களில் பளியரிடையே தங்கி, சண்டையை விலகிப்போய்த் தணிக்கும் அவர்களுடைய பண்பையும், சிறு வயதிலேயே பிள்ளைகளைத் தன்னிச்சையாக இயங்கவிடும் வளர்ப்பையும் விரிவாகப் பதிவு செய்தார். 2021 இல் இந்தக் காடுகள் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாயின. 2006 இன் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் எடுக்கவும், தங்கள் பாரம்பரிய அறிவைக் காக்கவும், காட்டைப் பேணவும் இவர்களுக்குச் சமூக உரிமை தருகிறது. யாருக்கு எந்த உரிமை என்று தீர்மானிக்கும் பணியைத் தொடங்கிவைக்கும் அதிகாரம் கிராம சபைக்கு. தமிழ்நாட்டில் 2008 இன் உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது முடங்கி, 2016 இல் உச்ச நீதிமன்றத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்த எட்டாண்டுக்குள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள்.

இங்கே ஒரு திட்டம் தொடங்குவதானால் அதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஊர் திரும்பும்போது, அவர்களை மலைக்கு அழைத்துச் செல்லும் மூத்தவருக்கு ஆசிரியருக்குரிய சம்பளம் வேண்டும். எந்தப் பாறைக்கு, எத்தனை பேர், எவ்வளவு தேன் என்பதைக் கிராம சபை தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பேரனைக் கூட்டிக்கொண்டு தாத்தா வனக்காவலர் முன்னால் கைகட்டி நின்று அனுமதி கேட்கும் நிலை நீடித்தால், அந்தப் பையன் அன்று கற்கும் முதல் பாடம் அதுவாகத்தான் இருக்கும்.